நடந்து காட்டியவருக்குக் கைப்பிடி கோரும் மனு

அனுப்புநர்:
மூன்றாம் வீட்டு இல்லத்தரசி,
தரைத்தளம், கிழக்குக் கட்டடம்,
வாரியக் குடியிருப்பு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
பராமரிப்புப் பிரிவு,
குடியிருப்பு வாரிய அலுவலகம்.

பொருள்: நடமாட்டக் குறைபாடு உள்ளோர் வீடுகளில் குளியலறையை மாற்றித் தரும் திட்டம் – “விண்ணப்பதாரர் துணையின்றி நடக்கிறார்” என்று எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியானது – ஆய்வு நாளில் அவர் நடந்ததும் உண்மை, மற்ற நாளில் முடியாததும் உண்மை – மறுபரிசீலனை கோருதல் – கூடவே தரைத்தள வீடுகள் அனைத்துக்கும் ஒரு வேண்டுகோள்.

பார்வை: சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த தள்ளுபடிக் கடிதம்.

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டிக்கொண்டு இந்த மனுவைத் தொடங்குகிறேன்.

1. நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் அல்ல. எழுத்துக் கூட்டக் கற்றதே கல்யாணத்துக்குப் பிறகுதான். பிரார்த்தனைப் புத்தகத்தில் தொடங்கி, மருந்துச் சீட்டு, மின் கட்டண ரசீது என்று முன்னேறி, இப்போது தங்கள் வாரியம் வெளியிட்ட குளியலறைக் கையேடு வரை வந்திருக்கிறேன். நூலகத்தில் அதை வேறு யாரும் கேட்பதில்லை என்பதால் நூலகர் அம்மா, “நீங்களே வெச்சுக்கோங்க, யாராவது கேட்டா வந்து வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டார். வீட்டு வரவு செலவை விடாமல் எழுதுகிறவள் ஆதலால், இங்கேயும் நான் கண்டதைக் கண்டது என்றும், பிறர் சொன்னதைக் கேட்டது என்றும், எனக்குத் தோன்றியதை ஊகம் என்றும் பிரித்தே எழுதுகிறேன். மூன்றையும் ஒன்றாய்க் கொட்டினால் கணக்கு உதைக்கும்.

2. விண்ணப்பம் என் கணவரின் அண்ணனுக்காகப் போடப்பட்டது. பெரியத்தான் என்று கூப்பிடுவேன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் எங்களோடுதான் இருக்கிறார். பக்கவாதம் வந்த பின் வலக் கையும் வலக் காலும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. “இந்தப் பக்கம் ஸ்ட்ரைக்கும்மா, பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு” என்பார். என் கணவருக்கு பிஸ்கட் ஆலையில் வேலை. விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

சாப்பாடு, மருந்து, கால் பிடித்து விடுவது எல்லாம் நான் செய்வேன். அவரும் செய்ய விடுவார். குளியலறை வாசலோடு என் அதிகாரம் முடிந்துவிடுகிறது. கணவரின் அண்ணன் குளிக்கிற இடத்துக்குள் தம்பி மனைவி போவது அவரால் தாங்க முடியாது, என்னாலும் முடியாது. இது என்ன பழைய பஞ்சாங்கம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அவர் தானாகக் குளிக்க வேண்டும், தானாக உட்கார்ந்து எழ வேண்டும். இந்த மனுவில் இருப்பது அவ்வளவுதான்.

3. எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. சில மாதங்களுக்கு முன் அவர் உள்ளே தாழ் போட்டுக் குளிக்கையில் வழுக்கிக் கதவின் மேலேயே சாய்ந்து விழுந்துவிட்டார். தாழை எப்படியோ இடக் கையால் நீக்கிவிட்டார். ஆனால் நான் தள்ளத் தள்ள அவர் உடம்பே கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. ஐந்தாம் வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து பிளாஸ்டிக் கதவின் கீழ்ப் பாதியை அறுத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: “போன வருஷம் மாத்தின கதவுப்பா, பாத்து அறு.” வழி திறந்ததும் எலக்ட்ரீஷியன் கையை உள்ளே நீட்ட, “முதல்ல துண்டை நீட்டு, அப்புறம் கையை நீட்டு” என்றார். அத்தனை கலவரத்திலும் நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் அழுதேன்.

கதவுக்கு ஒட்டுப் பலகை அடித்தாயிற்று, ஆனாலும் அன்று முதல் அவர் தாழ் போடுவதில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டு வெளியே கைப்பிடியில் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவார். துண்டு தொங்கினால் நான் சமையலறையை விட்டு வரக்கூடாது என்பது பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். இன்னொன்றும் கண்டேன். அவர் கட்டிலருகே வைக்கும் தண்ணீர் பாட்டில் மாலை வரை அப்படியே நிற்கிறது. சிறுநீரில் எரிச்சல் என்று மருத்துவரிடம் போனபோது, “தண்ணியே குடிக்கறதில்ல போலிருக்கே” என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார் (கேட்டது). தண்ணீர் குடித்தால் உள்ளே போக வேண்டும், போனால் எழ வேண்டும், அதனால் குடிப்பதில்லை (ஊகம், ஆனால் என் மற்ற ஊகங்களைவிட இதற்கு வலு அதிகம்).

குளியலறைக் கதவு ஏன் உள்பக்கம் திறக்க வேண்டும், ஐயா? நான் விசாரித்த வரையில் தச்சர், “எப்பவும் அப்படித்தாம்மா மாட்டுவோம்” என்றார். வேறு காரணம் இருந்தால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

4. இனி ஆய்வு நாள். தங்கள் அலுவலக ஆய்வாளர் தம்பி வந்தார். நல்ல பிள்ளை, செருப்பை வெளியே விட்டு, தண்ணீர் கொடுத்தபோது இரு கையால் வாங்கினார். அவர்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். புகார் இருப்பது எங்கள் பெரியத்தான் மேல்தான்.

ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் அவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலை வாரி, லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறவர் மாதிரி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர், “ஐயா, உள்ள போய் உக்காந்து எந்திரிச்சுக் காட்ட முடியுமா?” என்று கேட்டார். “எத்தனை தடவை வேணும்?” என்றார் இவர். எழுந்தார். குளியலறை வாசல் மேட்டைத் தாண்டினார். உட்கார்ந்தார். எழுந்தார். திரும்பி நடந்து வந்தார். சுவரைத் தொடவில்லை. நான் சமையலறை வாசலில் நின்று கண்ட காட்சி இது. என் கண்ணையே நான் நம்பவில்லை. “பிரமாதம் ஐயா, எங்களவிட ஜோரா இருக்கீங்க” என்று ஆய்வாளர் கை கொடுத்தார். இவர் இடக் கையைக் கொடுத்தார்.

ஆய்வாளரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் பெரியத்தான் கட்டிலில் சரிந்தார். மாலை வரை எழவில்லை. கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தது. தைலம் தேய்க்கும்போது, “நடந்தேன் பாத்தியாம்மா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். உண்மை அதுதானே.

தள்ளுபடிக் கடிதத்தையும் அவரே பிரித்துப் படித்தார். “பாரு, கவர்மென்ட்டே சர்ட்டிஃபிகேட் குடுத்திருச்சு” என்றார். ஆனால் கடிதத்தை மடித்த விதத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. அன்று ராச்சாப்பாட்டில் என் கணவர், “அண்ணே, ஏண்ணே இப்படிப் பண்ண?” என்று கேட்டதற்கு, “ஒருத்தன் வந்து நட பாக்கலாம்னு சொன்னா நடக்காம என்னடா பண்றது?” என்று மட்டும் சொன்னார்.

அசலார் ஒருவர் முன்னால் முடியாதது எப்படி முடிகிறது, அவர் போனதும் முடிந்தது எப்படி முடியாமல் போகிறது? இதை நான் பல நாள் யோசித்தேன். பிரார்த்தனையிலும் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று உறுதி: ஆய்வாளரை மறுபடி அனுப்பினால் இவர் மறுபடி நடந்து காட்டுவார். எனவே அந்த மாதிரி ஆய்வு வேண்டாம் என்பதே என் முதல் கோரிக்கை.

5. தள்ளுபடி வந்த அடுத்த வாரம் அவர் ஆட்டோ வைத்துக்கொண்டு தனியே போய் ஊர்க்கோடியில் உள்ள முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஓர் இடம் காலியாகிறதாம். வருகிற மாதம் முதல் தேதி வந்து சேர்வதாக எழுதிக் கொடுத்துவிட்டார். என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் மேல் ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டதற்கு, “சீச்சீ, அதெல்லாம் இல்லடா” என்றார்.

நான் வேறு மாதிரி கேட்டேன். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாப்பாடு எப்படி என்று சொல்லவில்லை. கூட இருப்பவர்கள் யார், கட்டில் எப்படி, டி.வி. உண்டா, ஒன்றும் சொல்லவில்லை. “கதவு வெளிப்பக்கம் தொறக்குதும்மா. உள்ளே சக்கர நாற்காலியோடவே போகலாம். உக்காருற எடத்துல ரெண்டு பக்கமும் கம்பி” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம், புது வண்டி வந்த அன்று டிப்போவிலிருந்து வீட்டுக்கு வருவாரே, அந்த முகம்.

ஐயா, அவர் எங்களை விட்டுப் போகவில்லை. ஒரு குளியலறைக்குப் போகிறார். இதை ஊகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

6. அதன் பிறகுதான் எங்கள் குளியலறையை நான் உண்மையாகவே பார்க்கத் தொடங்கினேன். டைல்ஸ் முழங்கால் உயரம் வரைதான். அதற்கு மேல் வெள்ளைப் பூச்சு. அந்தச் சுவரை வாராவாரம் தேய்த்துக் கழுவுகிறவள் நான். கழுவிய அழுக்கு அதே இடங்களில் மறுபடி வருவது ஏன் என்று தோன்றி, இரண்டு வாரம் கழுவாமல் விட்டுப் பார்த்தேன். அழுக்கைக் கண்டும் கையைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். ஆனால் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக் காட்டியது.

குளிக்க உட்காரும் முக்காலிக்கு இடப்பக்கச் சுவரில், மேலிருந்து கீழே சாய்வாக ஒரு விரல் தடம். வாசல் நிலையின் உள்விளிம்பில் ஒரு கறுப்பு. இவை கை வைத்த இடங்கள் என்று உடனே புரிந்தது. ஆனால் எதிர்ச்சுவரில், குழாய்க்கு மேலே, வட்டமாக, எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை. அங்கே ஏன் கை போகிறது என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. கடைசியில் அவர் கை கால் பயிற்சிக்காக பிசியோதெரபி மையத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என் வலக் கையை ஒரு துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, உடுத்திய துணியோடு அந்த முக்காலியில் உட்கார்ந்து குளித்துப் பார்த்தேன்.

எழுந்திருக்கப் போனபோது என் இடக் கை தானாகப் போய்ச் சாய்வுத் தடத்தின் மேலேயே விழுந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் குவளையை எடுத்தபோது இருந்த ஒரு கையும் போயிற்று, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது. சுவரில் முட்டி நின்றேன். முட்டிய இடம் அந்த வட்டக் கறை.

அது கை இல்லை, ஐயா. நெற்றி. அவர் தினமும் சுவரில் நெற்றியை ஊன்றிக்கொண்டுதான் தலைக்கு ஊற்றுகிறார்.

ஆய்வுக்குத் தக்க சான்று அந்தச் சுவர்தான். புகைப்படம் எடுத்துப் பார்த்தோம், கறை விழவில்லை. காலை வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழும்போதுதான் தெரிகிறது. புதன்கிழமை காலைகளில் அவர் மையத்துக்குப் போய்விடுவார். ஆய்வாளர் தம்பி அப்போது வந்தால் போதும். அதுவரை சுவரைக் கழுவ மாட்டேன்.

7. ஆர்வம் ஒருமுறை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. தரைத்தளத்தின் மற்ற ஏழு வீடுகளிலும் உங்கள் குளியலறை எப்படி என்று கேட்கலானேன். எல்லோரும் “எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். பிறகு உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார்கள்.

முதல் வீட்டுத் தையற்காரம்மாவுக்கு இடுப்பு எலும்பு தேய்மானம். அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். குழாய் ஒழுகுகிறது என்று அவர் தங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை எழுதியிருக்கிறார். தங்கள் ஆட்களும் சளைக்காமல் வந்து வாஷர் மாற்றியிருக்கிறார்கள். அது வாஷர் கோளாறு அல்ல என்று இப்போது தெரிகிறது. எலக்ட்ரீஷியனின் மாமியார் எப்போதும் ஒரு வாளியை நிரப்பியே வைத்திருக்கிறார், அதன் விளிம்பில் ஊன்றி எழ. “காலி வாளி காலை வாரிரும்மா” என்று எனக்குப் புத்தி சொன்னார். ஏழாம் வீட்டுக் கணக்கு வாத்தியார், “நான் தினமும் வாக்கிங் போறவன், எனக்கு எதுக்கு?” என்று அடித்துச் சொன்னார். அவர் குளியலறையில் ஜன்னல் கம்பியிலிருந்து ஆணிக்கு ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தது. துணி உலர்த்தவாம். அந்தக் கயிற்றில் ஒரு துணிகூட இல்லை. நடுவில் மட்டும் நைந்திருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்தார்; நான் கயிற்றைப் பார்த்தேன்.

எல்லோரும் நடந்து காட்டுகிறவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

8. ஆகவே தாழ்மையுடன் கோருவது பின்வருமாறு. தவறிருந்தால் திருத்த வேண்டும். நான் கையேட்டை மட்டும் படித்தவள், தாங்கள் கட்டடத்தையே படித்தவர்.

(அ) கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தாழ், வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பி நீக்கக்கூடியதாக இருக்கட்டும். தாழ் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாழ் போட முடியாத குளியலறை குளியலறையே அல்ல.

(ஆ) கையேட்டுப் படத்தில் கழிப்பிருக்கையின் வலப்பக்கச் சுவரில் கைப்பிடி காட்டப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டிலும் வலப்பக்கம்தான் சுவர். ஆனால் அவருக்கு உயிருள்ள கை இடக் கை. சுவரில்லாத அந்தப் பக்கம், மேலே தூக்கி மடக்குகிற மாதிரி ஒரு கைப்பிடியைப் பின்சுவரில் பொருத்த முடியுமா? தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் இப்போது அங்கேதான் நிற்கிறது. அதை நான் சமையலறைக்கு மாற்றிக்கொள்கிறேன். எனக்குத்தான் இடம் குறையும், சமாளித்துக்கொள்வேன்.

(இ) குளிக்கும் இடத்தில் முதுகு சாயும்படி ஓர் இருக்கை, இடப்பக்கம் கைப்பிடி, கொக்கியில் மாட்டி வைக்கும் கைஷவர் ஒன்று. கை ஓயும்போது தண்ணீர் தானே விழட்டும்.

(ஈ) வாசலில் தண்ணீர் வெளியே வராமல் கட்டிய மேட்டை எடுக்க வேண்டும். தரை சாக்கடைத் துளையை நோக்கிச் சரியாகச் சாய்ந்திருந்தால் மேடு எதற்கு? அல்லது, மேடு இருக்கிறதே என்றுதான் சாய்வை யாரும் கவனிக்கவில்லையோ? (ஊகம்.)

9. கடைசியாக, எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லத் துணிகிறேன். இதுவே எனக்கு முக்கியம்.

எங்கள் பெரியத்தானுக்கு உதவி என்று வந்தால் வேண்டாம் என்பார். இரக்கப்பட்டு வந்தது என்று தெரிந்தால் அன்றே பெட்டியைக் கட்டுவார். ஆனால் உத்தரவு என்று வந்தால் மீறமாட்டார். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நின்றவர் என்று அவர் நண்பர்கள் இன்றும் கேலி செய்வார்கள். “ரூல்னா ரூல்தான், அதுல நம்ம இஷ்டம் என்ன இருக்கு” என்பது அவர் வழக்கமான பேச்சு. ஆகவே தரைத்தளக் குளியலறைகள் யாவும் இவ்வாறு மாற்றப்படும் என்று வாரியத்தின் ஆணையாக வந்தால், ஸ்க்ரூ டிரைவரை அவரே இடக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பார்.

இதில் எனக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் செய்துவிட்டு எல்லோருக்கும் ரூல் என்று சொல்லச் சொன்னால் அது பொய். இறைவன் முன் தினம் விளக்கேற்றுகிறவள் ஓர் அதிகாரியிடம் பொய்யைக் கேட்டு வாங்கக்கூடாது. நாலைந்து நாள் இதோடு மல்லுக்கட்டினேன். தையற்காரம்மாவின் குழாயும் கணக்கு வாத்தியாரின் கயிறும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. எட்டு வீட்டுக்கும் உண்மையாகவே செய்துவிட்டால் பொய்க்கு வேலை இல்லையே! எனவே தரைத்தள வீடுகள் எட்டுக்கும் சேர்த்து ஆணையிடுமாறு வேண்டுகிறேன். திட்டத்தில் ஒரேயடியாக எட்டுக்கு இடமில்லையென்றால் கதவையும் கைப்பிடியையும் முதலில் எல்லா வீட்டுக்கும் செய்து, மற்றதைப் பிறகு செய்யலாம். வீட்டுக்காரர் பங்கு என்று ஏதாவது இருந்தால் கட்டுவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒப்புதல் கையொப்பங்களை இணைத்துள்ளேன். அவை ஏன் வட்டமாக இருக்கின்றன என்று தாங்கள் வியக்கலாம். யார் பெயரும் முதலில் வரக்கூடாது என்று எல்லோரும் ஒரே பிடிவாதம். முதலில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் முடியவில்லை என்று ஊர் பேசுமாம். அதனால் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பென்சிலால் கோடு இழுத்து, சுற்றிலும் போடச் சொன்னேன். எங்கே தொடங்கியது என்று எனக்கே இப்போது தெரியாது. எங்கள் வீட்டுக்காக என் கணவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஆணையைத் தயவுசெய்து என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். தரைத்தளக் குடியிருப்போர் அனைவருக்கும் என்று முகவரியிட்டு அனுப்புங்கள். பொதுத் தபால் பெட்டியைத் திறந்து, வந்ததை வராந்தாவில் நின்று எல்லோருக்கும் உரக்கப் படிப்பது எங்கள் பெரியத்தானின் வேலை. அவர் படித்து முடித்த பிறகு நான் செய்ய ஒன்றும் இருக்காது.

முதல் தேதிக்கு முன் அது வந்து சேர அருள்கூர்ந்து ஆவன செய்யுங்கள். அன்று காலை எங்கள் வீட்டை விட்டு அவர் பெட்டி இறங்குமா, கீலை விட்டு அந்தக் கதவு இறங்குமா என்பது தாங்கள் போடும் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வேண்டிக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மூன்றாம் வீட்டு இல்லத்தரசி

இடம்: தரைத்தளம், கிழக்குக் கட்டடம்
நாள்: நடப்பு மாதம் ஒன்பதாம் தேதி, வியாழன்

இணைப்பு: தள்ளுபடிக் கடிதத்தின் நகல், எட்டு வீட்டாரின் வட்டக் கையொப்பத் தாள்.